பழங்கற்படி: காவிரிக் கரையில் கணக்குகளைக் காப்பாற்றிய கதை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். நந்திக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிச் சுற்றி வரி வரியாக வெட்டியிருக்கும் எழுத்துகளை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்ப்பவர்களிலும் பலர் ஏதோ சாமி பாட்டு, சுலோகம் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அது பாட்டும் இல்லை, சுலோகமும் இல்லை. கணக்கு! எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதில் வரி கட்டாத பகுதி எது (ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு), மீதி நிலத்துக்கு எத்தனை கலம் நெல் என்று போய்க்கொண்டே இருக்கும் சுத்தமான அரசாங்கக் கணக்கு.

முதலாம் இராஜராஜன் தன் 26ஆவது ஆட்சியாண்டில், அதாவது 1010ஐ ஒட்டி, அரண்மனைத் திருமஞ்சனசாலையில் இருந்தபடி ஓர் உத்தரவு போடுகிறான். தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கோயிலின் கல்லிலே வெட்டச் சொல்லுகிறான். அக்காவை மனைவியருக்கு முன்னால் சொன்னான் என்பதை மேடைப் பேச்சாளர்கள் விடாமல் எடுத்துச் சொல்வார்கள். 'மற்றவர்கள் கொடுத்தது' என்ற கடைசிப் பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசன் வீட்டுக் கணக்கும் அதிகாரி கொடுத்த சிறு கொடையும் ஒரே சுவரில் ஏறின.

தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பட்டியல் இந்தச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், இப்போது எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறார் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டுப் போய்விட்டாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்ற விதியும் அங்கேயே உண்டு. இன்றைக்கு வேலை உத்தரவை வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிறோமே, அது தெருவில் போகிறவர் எல்லாரும் படிக்கிற மாதிரி சுவரில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை எழுதி வைத்தும் என்ன ஆயிற்று தெரியுமா? எழுத்து இருந்தது, படிக்கிறவர் இல்லாமல் போனார்கள். எழுத்தின் வடிவம் மாறிக்கொண்டே வந்ததில், சில நூற்றாண்டுகளில் சுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று தலபுராணம் சொல்லிற்று. காடுவெட்டிச் சோழன் என்று 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார ஆசிரியர்கள் எழுதினார்கள். கட்டியவன் பெயர் சுவரில் பல இடங்களில் வெட்டியிருக்க, ஊர் வேறு யாரையோ சொல்லிக்கொண்டிருந்தது! சென்னை அரசாங்கம் 1886இல் ஆய்கன் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டு அறிஞராக நியமித்து, அவரும் வெங்கையாவும் மற்றவர்களும் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து 1891 முதல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பகுதி பகுதியாக அச்சில் ஏற்றிய பிறகுதான் இராஜராஜன் தன் கோயிலுக்குத் திரும்பி வந்தான்.

இந்தக் கணக்கின் நுணுக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. தஞ்சைப் பக்கத்து நில அளவு வேலி. ஒரு வேலிக்கு 20 மா. வேலியில் 80இல் ஒரு பங்கு காணி, 320இல் ஒரு பங்கு முந்திரிகை. அதற்கும் கீழே போகவேண்டும் என்றால் 'கீழ்' என்று போட்டு மறுபடி 320ஆல் வகுப்பார்கள். அதற்கும் கீழே இன்னொரு 'கீழ்'. இப்படிப் போய், ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கல்வெட்டில் வருகிறது என்று ஹுல்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சோழர் நில அளவையின் துல்லியத்துக்குச் சான்றாக இந்த எண்ணை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் நிலைமை புரியும். இன்றைய தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி 6 ஏக்கர் 67 சென்ட். அதை அத்தனை கோடியால் வகுத்தால் வருவது சுமார் அரை சதுர மில்லிமீட்டர்! ஒரு கடுகைக்கூட அதில் வைக்க முடியாது. எந்த அளவுகோலை வைத்து யார் அளப்பார்கள்? வயலில் அளந்த எண் இல்லை இது. ஓலையில் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கியபோது வந்த எண். கணக்கன் விடையைச் சுருக்காமல் வந்தபடியே எழுதினான், கல்தச்சனும் அப்படியே வெட்டினான். நிலத்தை எப்படி அளந்தார்கள் என்பதைவிட, கல்லில் இருப்பது ஒரு பேரேட்டின் நேர்ப்படி என்பதைத்தான் இந்த எண் நன்றாகக் காட்டுகிறது.

அந்தப் பேரேடு எங்கே? அங்குதான் சிக்கல்.

சோழர் காலத்தில் ஒரு நிலக்கொடை நடக்கிற விதம் செப்பேடுகளில் விரிவாக இருக்கிறது. அரசன் வாயால் சொல்லுவான். அதைக் கேட்டு ஒருவர் ஓலையில் எழுதுவார். திருமந்திர ஓலை நாயகம் என்ற அதிகாரி சரிபார்ப்பார். பிறகு வரிப்பொத்தகத்தில் ஏற்றுவார்கள். நிலவரியைப் பார்த்துக்கொண்ட புரவுவரித் திணைக்களத்தில் இதற்கென்றே வரிசையாகப் பல பதவிகள். அங்கிருந்து நாட்டார்க்குத் திருமுகம் போகும். அவர்கள் எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைத்து, பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு, அதை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கடைசியாகத்தான் செம்பிலோ கல்லிலோ வெட்டுவது. அதாவது நம் கையில் இருக்கிற கல்வெட்டும் செப்பேடும் அந்த நீண்ட வரிசையின் கடைசிப் படி. மூல ஆவணம் ஓலை. அந்த ஓலைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. ஓலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். திரும்பத் திரும்பப் படியெடுக்க ஆள் இருக்கும்வரை ஓலைக் கணக்கு உயிரோடு இருக்கும். அரசு விழுந்து, படியெடுக்கிறவருக்குச் சம்பளம் நின்றதும், கரையானே கணக்கை முடித்துவிடும்.

முதலாம் குலோத்துங்கன் 1086இல் நாட்டை அளக்கச் செய்தான். அதே 1086இல்தான் இங்கிலாந்தில் வில்லியம் அரசன் தன் நாட்டை ஊர் ஊராகக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்ற பதிவேட்டை எழுதவைத்தான். அந்த மூலப் புத்தகம் லண்டனுக்குப் பக்கத்தில் கியூ ஆவணக் காப்பகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. குலோத்துங்கனின் பேரேடு இல்லை. இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1986இல் டூம்ஸ்டேயின் 900ஆவது ஆண்டை முன்னிட்டு பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பல லட்சம் பேர் தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்ப, எல்லாவற்றையும் லேசர் டிஸ்க் இரண்டில் அடைத்தார்கள். பதினைந்தே ஆண்டுகளில் அந்த டிஸ்கைப் போட்டுப் பார்க்கிற மெஷின் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டுத்தான் அதைத் திறந்தார்கள். 900 வருடத்துத் தோல் புத்தகத்தைப் படிக்க விளக்கு வெளிச்சம் போதும். 15 வருடத்து டிஸ்குக்கு ஒரு ஆராய்ச்சிக் குழுவே வேண்டியிருந்தது!

இப்போது குலோத்துங்கனுக்கும் இராஜராஜனுக்கும் முந்திய ஒரு பெண்ணின் கதைக்கு வருவோம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரியின் வடகரையில் திருக்கோடிக்காவல் என்ற ஊர். கண்டராதித்த சோழனின் மனைவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், கணவர் போன பிறகு பல பத்து ஆண்டுகள் கோயில் கோயிலாகச் சென்று செங்கல் கட்டடங்களைக் கற்றளியாக மாற்றியவர். திருநல்லம் என்ற கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் என்று பட்டியல் நீளும். அவர் திருக்கோடிக்காவலுக்கு வந்தபோது அங்கே பழைய கல்வெட்டுகள் உள்ள கற்கள் அங்கங்கே கிடந்தன. அவருடைய புகுந்த வீட்டுக் கல்வெட்டுகள் மட்டும் இல்லை. பல்லவர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளும் சேர்ந்து கிடந்தன. விளக்குக்கு இத்தனை பொன், நெய்க்கு இத்தனை நெல் வட்டி என்ற ரகமான சின்னச் சின்னக் கொடைகள். கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், அந்த அரசுகளும் போய்விட்டன. புதுக் கோயில் கட்டுகிற ராணி அதையெல்லாம் அஸ்திவாரத்தில் போட்டு மூடியிருந்தால் கேட்க யார் இருந்தார்கள்?

அவர் அப்படிச் செய்யவில்லை. கிடந்த கற்களில் இருந்ததைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் சொன்னார். படி எடுத்து முடித்த பிறகே, இனிப் பயன் இல்லை என்று பழைய கற்களைத் தள்ளினார்கள். அதைவிட முக்கியமான காரியம் ஒன்றும் நடந்தது. அப்படி வெட்டிய கல்வெட்டுகளோடு 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறித்து வைத்தார்கள். பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்று பொருள்.

இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்வெட்டின் காலத்தை எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் பெரும்பாலும் கணிக்கிறார்கள். திருக்கோடிக்காவலில் செய்தி 9ஆம் நூற்றாண்டுக்கு உரியது, எழுத்து 10ஆம் நூற்றாண்டுத் தச்சனுடையது. குறிப்பு இல்லையென்றால் படிக்கிறவர் குழம்பிப்போவார். யாரோ போலியாக வெட்டியது என்று ஒதுக்கவும்கூடும். மூலம் எது, படி எது என்று சொல்லிவிட்டதால் செய்தி நம்பத்தக்கதாக நிற்கிறது. பழைய எழுத்தின் வடிவம் போனது நஷ்டம்தான். படியெடுக்கும்போது எப்போதும் ஏதோ ஒன்று கைநழுவுகிறது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைப் பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு மாற்றுகிறவர்களும் இதே கவலையைத்தான் படுகிறார்கள்.

அந்தக் கொடைகளால் ராணிக்கு ஆதாயம் எதுவும் இல்லை. கோயிலுக்கு இருந்தது. கல்வெட்டு போனால் விளக்குக்கு விட்ட நிலத்தின் மேல் கோயிலுக்கு உள்ள பாத்தியதை போகும். ஊர்க்காரர் வட்டி நெல் அளப்பதை நிறுத்தினால் காட்டுவதற்கு ஆதாரம் இல்லை. பக்தி, சரித்திர ஆசை என்பதோடு பத்திரத்தின் மதிப்பைத் தெரிந்த நிர்வாகியின் செயலாகவும் இதைப் பார்ப்பதே சரி.

இதற்கு நேர் எதிரான கதை, அங்கிருந்து வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் கிடைக்கும். கங்கைகொண்ட சோழபுரம்! இராஜேந்திரன் கட்டிய தலைநகரமும் கோயிலும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கீழணை கட்டினார்கள். ஊருக்கு அணைக்கரை என்ற பெயரே அதனால் வந்தது. அணைக்குக் கருங்கல் வேண்டும். டெல்டாவில் மலை ஏது? தோண்டத் தோண்ட வண்டல்தான். கையெட்டும் தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தின் மதில் இருந்தது. மதிலை ஏறக்குறைய முழுவதுமாகப் பெயர்த்தார்கள், சிற்ப வேலைப்பாடுள்ள கற்களையும் கொண்டு போனார்கள். ஊர் மக்கள் தடுக்கப் போய்த் தண்டனை வாங்கியதுதான் மிச்சம். கல்லுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்ததையும், அது காற்றில் போனதையும் 1855இலேயே ஒருவர் மனம் நொந்து அச்சில் எழுதி வைத்திருக்கிறார்.

கல் வண்டியில் ஏறுவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள 1836இல் ஆள் இல்லை. ஹுல்ட்ஸ் வேலைக்கு வர இன்னும் சரியாக 50 ஆண்டுகள் இருந்தன. தஞ்சைக் கோயிலில் கட்டியவனே எழுதிவைத்த கணக்கு அத்தனை இருக்க, மகன் கட்டிய இந்தக் கோயிலில் கிடைக்கிற கல்வெட்டுகளில் பழையதே வீரராஜேந்திரன் காலத்தது, அதாவது இராஜேந்திரனின் பிள்ளை காலத்தது.

காட்டனைத் திட்டுவது சுலபம். கீழணையால் நிலங்கள் பாசனம் பெற்றன, வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போயிற்று, 2004 முதல் சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரிலும் அதன் பங்கு உண்டு. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். கீழணை பிற்காலத்தில் தானே ஒரு கணக்குச் சாவடி ஆகிவிட்டது. காவிரியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி வந்தபோது அதைக் கணக்கிட்டது இந்தக் கீழணையை எல்லையாக வைத்துத்தான். 1972இல் அமைத்த காவிரி உண்மை கண்டறியும் குழு பல பத்தாண்டுகளின் நீரோட்டப் பதிவுகளைத் திரட்டியது. அதை அடிப்படையாக வைத்து, 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில், கீழணை வரையிலான மொத்த நீர்வளம் 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது அந்த 740ஐத்தான். உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தபோதும் 740இல் கை வைக்கவில்லை.

அந்த 740க்குப் பின்னால் இருப்பது யார்? மதகு ஓரம் நின்று அளவுகோலில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போன பொதுப்பணித்துறைக் கடைநிலை ஊழியர்கள். 1924 ஒப்பந்தத்தில் கிருஷ்ணராஜ சாகரில் தண்ணீர் தேக்குவதற்கான விதிகள்கூட முக்கொம்பு மேலணை அளவுகோலின் அளவையே நம்பி எழுதப்பட்டவை. அந்த நோட்டுகள் மழையில் நனைந்து போயிருந்தால் டெல்டா விவசாயி எதைக் காட்டி வழக்காடியிருப்பான்? குறுவைக்கு ஜூனில் தண்ணீர் வேண்டும் என்பது அவனுக்கு வயிற்றில் தெரியும். நீதிமன்றத்துக்கு எண்தான் தெரியும்.

சரி, கல்வெட்டுக்குத் திரும்புவோம். ஹுல்ட்ஸ் காலத்திலிருந்து கையாண்ட முறைக்கு மைப்படி எடுத்தல் என்று பெயர். கல்லைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடிக்க வேண்டும். பாதி காய்ந்ததும் மை ஒற்றினால் மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தெரியும். அப்படியே உரித்துக் காயவைத்து மடித்துவிடலாம். ஒரு சுவரையே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற வித்தை! இப்படித் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஆயிரமாயிரம் படிகள் ஊட்டியில் இருந்த கல்வெட்டு அலுவலகத்துக்குப் போய், 1966இல் அந்த அலுவலகத்தோடு மைசூருக்கு மாறின. படியெடுத்ததில் ஒரு பகுதிதான் முழுப் பாடமாக அச்சில் வந்தது. மீதிக்கு ஆண்டறிக்கையில் இரண்டு வரிச் சுருக்கம் மட்டும். தஞ்சாவூர்க் கல்வெட்டை ஆராய்கிற மாணவர் மைசூருக்கு ரயில் ஏற வேண்டிய நிலை.

இது சும்மா மனத்தாங்கல் இல்லை. ஏனென்றால் படி எடுத்த பிறகு மூலமே இல்லாமல் போன இடங்கள் பல. திருப்பணி என்ற பெயரில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, தரைக்கு கிரானைட் பதிப்பது, எழுத்தின் மேல் ஆணி அடித்து ஸ்விட்ச் போர்டு மாட்டுவது எல்லாம் நடந்தன. எல்லாவற்றிலும் மோசம் சாண்ட் பிளாஸ்டிங். அழுக்கு போக மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். அழுக்கோடு ஆயிரம் வருட எழுத்தும் போய்விடும். பளபளவென்று கல் புதுசாக ஆனதைப் பார்த்து ஊர் சந்தோஷப்படும். அப்படி ஆன கோயிலின் கல்வெட்டுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி மைசூரில் மடித்து வைத்த தாள். மை உதிர்ந்து மடிப்பில் கிழிந்தால் அதுவும் போயிற்று. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டு வரும்படி உத்தரவிட்டது. அதன் பிறகு படிகள் வரத் தொடங்கின. ஸ்கேன் செய்கிற வேலையும் நடந்தது.

திருப்பணியால் எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்ல முடியாது. 2010இல் மயிலாடுதுறைக்கு அருகே கழுக்காணிமுட்டம் கோயிலில் வேலை நடந்தபோது மண்ணுக்கடியிலிருந்து 80க்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. சோழர் காலத்து நிலக்கொடை ஆவணம். ஆபத்து வந்த காலத்தில் யாரோ மண்ணுக்குள் மறைத்து வைத்தது, வெட்டியெடுக்கத்தான் ஆள் திரும்பி வரவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடுகளோ கடல் கடந்து ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வரை போய்ச் சேர்ந்தன.

சோழர் போய், நாயக்கர் போய், 1676இல் மராட்டியர் வந்தார்கள். இவர்கள் கணக்கு தாளில், மோடி எழுத்தில். மோடி என்பது கையை எடுக்காமல் வேகமாக எழுதுகிற மராத்தி எழுத்து, குமாஸ்தாக்களின் எழுத்து. 1799 ஒப்பந்தத்தில் ராஜ்யம் கும்பினியிடம் போய், இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் மானியமும்தான் மிஞ்சின. நான்கே ஆண்டில், 1803இல், தன் வம்சத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் மிக நீளமாக வெட்ட வைத்தார் சரபோஜி. ஆட்சி கையை விட்டுப் போனதும் கல்லைத் தேடிப் போகத் தோன்றியிருக்கிறது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கும்பினி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859இல் தோற்றது. பிறகு அரண்மனையின் சொந்தச் சொத்துகள் குடும்பத்துக்குத் திரும்பின. சரஸ்வதி மகால் 1918இல் பொது நூலகம் ஆயிற்று.

அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகளாக மோடி ஆவணங்கள் இருக்கின்றன. அரண்மனையின் அன்றாடச் செலவு, சத்திரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், வைத்தியசாலைக்கு என்ன மருந்து வாங்கினார்கள் என்று எல்லாம். தாள் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989இல் இவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. அதற்கு முன்பே 1984இல் கே.எம். வேங்கடராமையா இவற்றின் துணையோடு மராட்டியர் கால அரசியலையும் சமுதாயத்தையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இன்றைக்கு மராட்டியர் காலத் தஞ்சையைப் பற்றித் தமிழில் எழுதுகிற எவரும் இந்தப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள். பெயர்க்காத கட்டுகள், பெரிய கோயில் சுவர் 1886க்கு முன்பு இருந்த நிலையில்தான் இருக்கின்றன.

ஆட்சி மாறினால் கணக்கு காணாமல் போகும் என்ற பயம் பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2017 தொடக்கத்தில் டிரம்ப் பதவியேற்ற நேரத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகர்களும் மாணவர்களும் விடிய விடிய உட்கார்ந்து, பருவநிலை பற்றிய அரசாங்கத் தகவல்களை இணையத்திலிருந்து இறக்கிப் பத்திரப்படுத்தினார்கள். அவர் 2025இல் மறுபடி வந்தபோது ஜனவரி மாதக் கடைசியில் நோய்த்தடுப்பு மையத்தின் பக்கங்கள் பல நிஜமாகவே மறைந்தன. முன்பே படி எடுத்து வைத்தவர்கள் அவற்றைத் திரும்ப வெளியிட்டார்கள். எங்கிருந்து, எந்த நாளில் எடுத்த படி என்று ஒவ்வொன்றிலும் குறித்தார்கள். செம்பியன் மாதேவியின் தச்சன் செய்த அதே வேலை.

நம் ஊரில் இது இவ்வளவு ஆரவாரமாக நடப்பதில்லை. சத்தமில்லாமல் நடக்கும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதவி இழந்தார்கள். பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லதுதான். கர்ணம் வைத்ததே ஊரில் சட்டமாக இருந்தது. ஆனால் ஊரின் கணக்கு நூறு வருடமாக அவர் வீட்டுப் பரணில் அல்லவா இருந்தது? ஒப்படைத்தவர் ஒப்படைத்தார், விட்டவர் விட்டார். அதே காலத்தில் யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலை 1979 முதல் 1987 வரை நடந்து, பழைய பதிவேடுகளின் இடத்தில் புதியவை வந்தன. பின்னால் கம்ப்யூட்டரில் ஏறியது இந்தப் புதிய பதிவுதான். யுடிஆரில் பெயர் தவறாக ஏறியிருந்தால் கம்ப்யூட்டரிலும் தவறு. தாலுகா ஆபீஸில் அலைகிறவர்களைக் கேட்டால் 'யுடிஆர் மிஸ்டேக்' என்ற வார்த்தையை ஐந்து நிமிஷத்தில் சொல்வார்கள்.

இதில் அதிகம் இழந்தவர்கள் யார் என்றால், கையில் வேறு பத்திரமே இல்லாதவர்கள்தான். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை எண் 1010 வந்தது. அதன்படி கொடுத்தவைதாம் பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். பெரும்பகுதி கை மாறிவிட்டது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுக்கு அருகே காரணை கிராமத்துப் போராட்டத்தில் இரண்டு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டது இந்த நிலத்துக்காகத்தான். பஞ்சமி நிலத்தை மீட்கப் போகிறவர்கள் முதலில் தேடிப் போவது நிலத்தை இல்லை, யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டை. தாலுகா ஆபீஸில் கேட்டால் 'இல்லை', கலெக்டர் ஆபீஸில் கேட்டால் 'சிதைந்துவிட்டது'. கடைசியில் சென்னை எழும்பூரில், 1909இல் கட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்கு வருகிறார்கள். ஊர் பெயர், பழைய சர்வே எண், செட்டில்மெண்ட் நடந்த வருடம் எல்லாம் எழுதி மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சான்றிட்ட நகல் ஒரு பக்கம் கிடைத்த பிறகுதான் வழக்கு எழுதவே உட்கார முடியும்.